உடைந்தது ஒன்று

வெள்ளிக்கிழமை இயற்பியல் தேர்வில்
பதினேழாம் கேள்வியை அப்படியே விட்டு வந்தேன்.
கணத்தாக்கு என்றால் என்ன? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
கணம் தெரியும். தாக்கு தெரியும்.
சேர்த்து எழுதியதும்
வெளியூர் விருந்தாளி மாதிரி
முகம் கொடுக்கவில்லை அந்தச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர்.
ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு
சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகை போகிறதாம்.
ஒழுகும் பின்கட்டுக்கு நாட்டு ஓடு
ஒரு மினி லாரி வந்து நிற்கிறது.
மேலே நின்று எறிபவன் சேவுகன்.
கீழே பிடிப்பவள் நான்.
என் கையிலிருந்து ராக்கு, அவளிடமிருந்து
சூசை அடுக்குகிற அடுக்கு.

ஓடு ஒன்று அரைக்கிலோ இருக்கும்.
சும்மா கிடக்கிறவரை அது வெறும் எடை.
சேவுகன் கையை விட்டதும்
அதற்கு ஒரு திசை வந்துவிடுகிறது,
திசையோடு ஒரு பிடிவாதமும்.
புத்தகம் அதை உந்தம் என்கிறது.
நிறையைத் திசைவேகத்தால் பெருக்கு.
நொடிக்கு நாலு மீட்டர் என்று வைத்தால்
அரை நாலு இரண்டு.
அந்த இரண்டை நான் பூஜ்யமாக்க வேண்டும்.
அதற்குத்தான் கூலி.

எட்டாம் வகுப்பு லீவில் முதன்முதல் பிடித்தபோது
கையைச் சுவர் மாதிரி நீட்டி வைத்திருந்தேன்.
நொடியில் நூறில் ஒரு பங்கில் நின்றது ஓடு.
இரண்டை நூறில் ஒன்றால் வகுத்தால் இருநூறு.
இருபது கிலோ அரிசி
என் விரல்மேல் உட்கார்ந்து எழுந்து போனது.
ஆடி வரை கறுத்திருந்தது நகம்.

பிறகு கை தானே கண்டுகொண்டது,
ஓடு தொடும்போதே அதனுடன் கூடப் போக.
முழத்துக்குக் கொஞ்சம் குறையப் பின்வாங்கினால்
நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது.
இரண்டு இரண்டாகவேதான் இருக்கிறது.
கடன் குறையவில்லை,
தவணை நீண்டது.
இருநூறு பத்தாகிவிட்டது.

சேவுகன் எறியும்போதெல்லாம்
அவன் குதிகால் ஒரு நெல்லளவு பின்னால் அரைபடும்.
முன்னால் ஓட்டுக்கு வரவு வைத்தது
பின்னால் அவன் உடம்பில் பற்று.
இந்த ஊர் ஐந்தொகை மாதிரி,
இரண்டு பக்கமும் கூட்டினால் பைசா பிசகாது.

பத்தரைக்கு மேஸ்திரி வந்து
நேற்றைய கூலியில் ஐம்பது பிடித்தம் என்றார்.
சேவுகன் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த ஓடு சொன்னது.
நாலு ஆறாகிவிட்டது. இரண்டு மூன்று.

கத்தியிருக்கலாம் நான்.
கத்தினால் நானும் சுவர்.
ஒரு எட்டு பின்னால் வைத்துத்
தோளையும் சேர்த்து இழுத்தேன்.
அவன் கோபம் என் உள்ளங்கையில் ஏறி
முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று இறங்கிச்
செம்மண்ணுக்குள் போனது.
இருபது இருபத்தைந்து ஓடு இப்படி.
அப்புறம் அவனே மெதுவானான்,
அல்லது களைத்தான். எனக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்று தவறியது.
ராக்கு தும்மினாள், நான் திரும்பினேன்.
வாசல் கருங்கல் படிக்குப்
பின்வாங்கத் தெரியாது.

சாயங்காலம் நோட்டில் மேஸ்திரி எழுதினார்:
ஓடு வந்தது ஆயிரத்து இருநூற்று நாற்பது.
உடைந்தது ஒன்று.
சேவுகன் பற்று பதினெட்டு ரூபாய்.
கையில் நின்ற
ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்பதும்
எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

திங்கட்கிழமை தாளைக் கொடுத்தார்கள்.
பதினேழாம் கேள்விக்கு எதிரே சிவப்பில்
வட்டமாக ஒன்று.
நேற்றுப் பொழுதெல்லாம் நான் கையால் போட்டதை
இன்று சார் பேனாவால் போட்டிருக்கிறார்,
ஒரே ஒரு தடவை.